81 கிரெடிட்டில் 34 மிஞ்சிய கதை: பாதியில் நின்ற ஐ.டி. பட்டம் ஒன்றை முடித்த விதம்

கணினிப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு வழி சொல்லும் வேலையை நான் செய்து வருகிறேன். இங்கே பதிவு செய்யும் நிகழ்வு 2022 ஜனவரியில் தொடங்கி 2025 மத்தியில் முடிந்தது. சம்பந்தப்பட்ட இளைஞரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவர் பெயர், கல்லூரி, பல்கலைக்கழகம், வேலை பார்க்கும் நிறுவனம் எதையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

இளைஞர் இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தை ஒட்டிய கடலோரக் குடியிருப்பைச் சேர்ந்தவர். தந்தை விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். 2014-இல் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. தகவல் தொழில்நுட்பம் சேர்ந்தார். ஆறு பருவம், மொத்தம் 140 கிரெடிட் (பாடத்தின் அளவுக்கேற்ப, தேறியவருக்குத் தரும் மதிப்பு அலகு). நான்காம் பருவத் தேர்வு முடிந்து, 2016 ஜூனில் மீன்பிடித் தடைக்காலம் கழிந்து படகுகள் இறங்கிய வாரத்தில், வலையிழுக்கும் விஞ்சில் கயிறு சுற்றித் தந்தையின் வலது கை நசுங்கியது. ஐந்தாம் பருவக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் மருத்துவமனைக்குப் போயிற்று. மகன் தந்தையின் இடத்தில் படகேறினார். கல்லூரிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அதன்பின் சில மாதம் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் வேலை. 2017 நவம்பரிலிருந்து வளைகுடா நாடு ஒன்றில் கேபிள் பதிக்கும் வேலை. 2020 ஜூனில் கொரோனா காலச் சிறப்பு விமானத்தில் ஊர் திரும்பினார். அந்த ஆண்டுக் கடைசியில் இராமநாதபுரத்தில் ஒரு இணையச் சேவை நிறுவனத்தில் களப் பணியாளராகச் சேர்ந்தார். இணையம் வரும் ஃபைபர் கம்பி அறுந்தால் இரவென்றும் பகலென்றும் பாராமல் போய் ஒட்டிவிட்டு வர வேண்டும். சம்பளம் 16,000 ரூபாய்.

கைதேர்ந்த வேலைக்காரர். 2021 பிப்ரவரியில் சிஸ்கோ நிறுவனம் கணினி வலையமைப்புக்குத் தரும் தொழிற்சான்றிதழான சிசிஎன்ஏவின் தேர்வை முதல் முயற்சியிலேயே தேறினார். தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரியும் சேர்ந்தால் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். அதே ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை ஐஐடிகள் நடத்தும் இணையவழிக் கல்வித் திட்டமான என்பிடெல்லில் பைத்தான் நிரல்மொழிக்கான 12 வாரப் பாடம் ஒன்றைப் படித்து, 1,000 ரூபாய் கட்டி, மதுரைக்குப் போய்த் தேர்வும் எழுதினார். மேகக் கணிமைப் (கிளவுட்) பாடம் ஒன்றையும் முழுக்கப் பார்த்திருந்தார். தேர்வுக்குப் போக அன்று விடுப்புக் கிடைக்கவில்லை.

நிறுவனத்தில் வலையமைப்புப் பொறியாளர் இடம் ஒன்று காலியானது. வேலை தெரிந்தவர் இவர்தான் என்பதில் மேலாளருக்கு ஐயமில்லை. ஆனால் தலைமை அலுவலகம் பட்டம் கேட்டது. அந்த வாரம் என்னிடம் வந்தார்.

முதல் சந்திப்பில் கண்டவை

அவருடைய அக்கா ஒரு தகரப் பெட்டியோடு கூட வந்திருந்தார். உப்புக்காற்றில் பெட்டியின் மூலைகள் செதில் செதிலாக உதிர்ந்திருந்தன. உள்ளே முதல் மூன்று பருவத்து மதிப்பெண் பட்டியல்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளக் கட்டு மாதிரி இருந்தன. அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் வைத்து, தாள் தாளாகப் பிரித்துக் கொண்டுவந்தார். இரண்டாம் பருவப் பட்டியலில் முத்திரையின் ஊதா மை மூன்றாம் பருவத்தின் முதுகில் இறங்கியிருந்தது. நான்காம் பருவப் பட்டியல் மட்டும் புதிதுபோல் பளபளத்தது. ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து வைத்திருந்தார்கள்.

“இது ஒன்றுதான் சார் நல்லா இருக்கிறது” என்றார் அக்கா. எனக்கோ அதைப் பார்த்துத்தான் கவலை. லேமினேட் செய்த அசலின் முதுகில் சான்றொப்ப முத்திரை குத்த முடியாது. வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் அனுப்பியவர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்துவிடுகிறார்கள்.

பட்டியல்களை வரிசையாக வைத்துக் கூட்டினோம். நான்கு பருவங்களில் பதிந்தது 92 கிரெடிட். தேறியது 81. மூன்று தாள்களில் 11 கிரெடிட் அரியர். பிளஸ் டூ அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் கல்லூரியிலேயே கிடந்தன.

இன்னொன்றையும் அன்றைக்கே சொன்னார், கடைசியில், எழுந்து போகும் நேரத்தில். டவுனில் ஒரு கன்சல்டன்சியில் 10,000 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறார். மொத்தம் 65,000. வடமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் 2018-இல் சேர்ந்து 2021-இல் முடித்ததாக ரெகுலர் பட்டம் வரும். வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை. “பழைய மார்க்கையும் சர்டிபிகேட்டையும் வைத்து அட்ஜஸ்ட் செய்துகொள்வார்களாம் சார்.”

அறிவுரை சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததால், பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொன்னேன். 2017 நவம்பரில் புறப்பாட்டு முத்திரை, 2020 ஜூனில் வருகை முத்திரை. “நீங்கள் வடநாட்டில் வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகச் சான்றிதழ் சொல்லும். அந்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று இந்தப் புத்தகம் சொல்லும். இரண்டையும் ஒரே மேசையில் வைக்கப் போவது நீங்கள்தானே?” என்று கேட்டேன். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் முன்பணத்தைத் திரும்பக் கேட்டு, அலைந்து, 6,000 வாங்கினார்.

ஒரே சொல், மூன்று பொருள்

இந்த நிகழ்வில் பாதிக் குழப்பம் ‘கிரெடிட்’ என்ற சொல்லால் வந்தது. அவர் கணக்கில் எல்லாம் ஒரே நாணயம். கல்லூரியில் 81 இருக்கிறது, சிசிஎன்ஏவில் கொஞ்சம், என்பிடெல்லில் கொஞ்சம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டால் பட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தைப் பற்றி அவர் நிறையப் படித்திருந்தார். அங்கே ஆறு மாதப் பருவத்துக்கு ஒரே கட்டணம். அதற்குள் எத்தனை பாடத்தை முடித்தாலும் கூடுதல் பணம் கிடையாது. தகவல் தொழில்நுட்பப் பட்டங்களில் காம்ப்டியா போன்ற தொழிற்சான்றிதழ்களைப் பாடத்துக்கு ஈடாக ஏற்கிறார்கள். முன்பு படித்ததும் கழிக்கப்படும். எல்லாம் உண்மைதான். ஆனால் அது அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கான ஏற்பாடு. தொழிற்சான்றிதழை எடைபோட்டு இத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரைக்க அங்கே அமெரிக்கக் கல்விக் குழு போன்ற அமைப்பு நெடுங்காலமாக இருக்கிறது. அந்த ஊர்ச் சட்டத்தை வைத்து இந்த ஊரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது இது. கல்லூரியின் 81 பழைய பல்கலைக்கழகத்தின் பதிவேட்டுக்கு உள்ளே மட்டும் செல்லும் கிரெடிட். மாணவர் ஈட்டிய கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் மத்திய அரசின் கிரெடிட் வங்கிக்கான விதிகள் 2021 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டன. 2021-22 கல்வியாண்டு முதல் ஈட்டியவையே அந்தக் கணக்கில் ஏறும். ஏறியவைக்கும் ஏழு ஆண்டுதான் ஆயுள். 2014 முதல் 2016 வரை ஈட்டியதற்கு அங்கே இடமில்லை. என்பிடெல் பாடம் இந்த வங்கிக்குள் வரக்கூடியது. 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட். அது 2021-22-இல் எழுதியது என்பது வெறும் தற்செயல். ஒரு பருவம் முன்னால் எழுதியிருந்தால் அதுவும் போயிருக்கும். தேர்வு எழுதாமல் பார்த்த மேகக் கணிமைப் பாடத்துக்கு ஒன்றும் கிடையாது. பயிற்சிக்கு 25, கண்காணிப்போடு நடக்கும் தேர்வுக்கு 75 என்பது அங்கே கணக்கு. தேர்வுக் கூடத்துக்குப் போகாதவருக்குச் சான்றிதழே இல்லை.

மூன்றாவது, சிசிஎன்ஏ. அதற்கு மூன்று ஆண்டு ஆயுள். புதுப்பிக்கத் தேர்வு எழுதலாம், அல்லது தொடர்கல்வியில் 30 கிரெடிட் சேர்க்கலாம். இங்கேயும் ‘கிரெடிட்’ என்றே எழுதியிருப்பதைப் பார்த்து, அதையும் பட்டத்தில் கழிக்கலாம் என்று எண்ணியிருந்தார். அது சிஸ்கோ தன் சான்றிதழைப் புதுப்பிக்க வைத்திருக்கும் உள்கணக்கு. பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் பழைய இடத்தையே கேட்பது என்று முடிவு செய்தோம். வாய்மொழியாக அல்ல, எழுத்தில். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம். மூன்றே கேள்விகள். என் பதிவு உயிரோடு இருக்கிறதா? மூன்றாம் ஆண்டில் மறுசேர்க்கை உண்டா? இல்லையென்றால் வேறு பல்கலைக்கழகத்தில் சேர இடப்பெயர்வுச் சான்றிதழ் தருவீர்களா?

பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. பதிவு காலாவதி. மூன்றாண்டுப் படிப்பை ஐந்தாண்டுக்குள், விதிவிலக்காக இன்னும் ஓராண்டு சேர்த்து முடிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல். 2014-இல் சேர்ந்தவருக்கு அது 2020-லேயே முடிந்துவிட்டது. அவ்வப்போது அறிவிக்கப்படும் சிறப்பு அரியர் வாய்ப்பு உதவாதா என்று இளைஞர் கேட்டார். ஆறு பருவமும் வகுப்பில் உட்கார்ந்து, தாள் பாக்கி வைத்தவர்களுக்குத்தான் அது பயன்படும். ஐந்தாம் பருவத்தில் காலே வைக்காதவருக்கு எழுதத் தாளே கிடையாது. ஊரில் இந்த இரண்டையும் ‘அரியர் கேஸ்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுக்கும் வழி வேறு.

கல்லூரி அலுவலகத்தில் அசல்களை வாங்குவது தனிப் படலம். நிலுவைக் கட்டணம் என்று 4,200 ரூபாய் சொன்னார்கள். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுக்க வைத்தேன். நூலகப் புத்தகம் ஒன்றுக்கான 340 ரூபாயைக் கட்டச் சொல்லி, மீதியை விட்டுவிட்டார்கள். அந்தப் புத்தகம் உண்மையிலேயே அவர் வீட்டில்தான் இருந்தது.

அடுத்து மூன்று வழிகளை வைத்து யோசித்தோம். புதிதாக ஒரு கல்லூரியில் முதலாண்டு சேர்வது: வேலையை விட வேண்டும், நடக்காது. ஐஐடி மெட்ராஸ் இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டம்: தரமானது, ஆனால் முதல் நிலையிலிருந்து கணிதமும் புள்ளியியலும் படித்து ஏற வேண்டும். பழைய தாள்கள் அங்கே எதற்கும் ஈடாகா. மூன்றாவது, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினிப் பயன்பாட்டு இளநிலைப் பட்டம் (பி.சி.ஏ.). மொத்தம் 120 கிரெடிட். முன்பு வேறிடத்தில் தேறிய பாடங்களை ஒப்பிட்டு விலக்குத் தரும் பிரிவு அதன் விதிகளில் இருந்தது. ஆய்வகம் இராமநாதபுரத்தில், சனி ஞாயிறுகளில். மூன்றாவதைத் தேர்ந்தோம். அதன் பாடத்திட்டத்துக்கு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விக் குழுமத்தின் அனுமதி அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்த பிறகே விண்ணப்பப் பணம் கட்டினார்.

ஒரு முடிவில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஆங்கிலம், சுற்றுச்சூழல் முதலிய தாள்களை மட்டும் விலக்குக் கேட்டுவிட்டு, நிரல் எழுதும் பாடங்களைப் புதிதாகப் படிக்கலாம் என்பது என் எண்ணம். ஆறு வருடம் தொடாத பாடம் கையை விட்டுப் போயிருக்கும். அவர் ஒப்பவில்லை. “தேறின தாளை மறுபடி எழுத எனக்கு நேரமில்லை சார். இரவு இரண்டு மணிக்குக் கம்பத்தில் நிற்கிறேன்.” அவர் சொன்னதே நடந்தது. அது சரிதான் என்று இப்போது படுகிறது.

முதல் பதிலும் இரண்டாம் பதிலும்

2022 ஜூனில் விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியல்கள், இடப்பெயர்வுச் சான்றிதழ், சிசிஎன்ஏ, என்பிடெல் எல்லாவற்றையும் வைத்து அனுப்பினோம். வந்த பதில்: 18 கிரெடிட் மட்டும். தமிழ், ஆங்கிலம், சுற்றுச்சூழல். மற்றவற்றுக்கு ‘உள்ளடக்கம் ஒப்பிட இயலவில்லை’ என்று ஒரு வரி.

தவறு என்னுடையது. மதிப்பெண் பட்டியலில் ‘தரவுக் கட்டமைப்பு, 4 கிரெடிட்’ என்று இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். ஒப்பிடுகிறவர் மேசைக்குப் பாடத்தின் பெயர் மட்டும் போய்ச் சேர்ந்தால் அவர் என்ன செய்வார்? எத்தனை அலகு, எத்தனை மணி நேரம், மரம் (ட்ரீ) வரையில் இருந்ததா, வரைபு (கிராஃப்) வரையில் இருந்ததா என்பது பாடத்திட்டத்தில்தானே இருக்கும். 2014-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் இணையதளத்தில் இல்லை. இடையில் இரண்டு முறை மாறிவிட்டது. கல்லூரித் துறைத் தலைவர் தம் அலமாரியின் அடித்தட்டிலிருந்து சுருள் பைண்டிங் போட்ட பழைய பிரதியை எடுத்துக் கொடுத்தார். 46 பக்கங்களை நகலெடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முதல்வரின் முத்திரை வாங்கி, இரண்டு இடத்துப் பாடங்களையும் எதிரெதிரே வைத்து ஒரு அட்டவணை எழுதி மேல்முறையீடு செய்தோம். சி மொழி, எண்முறை மின்னணுவியல் அடிப்படை, தரவுக் கட்டமைப்பு, கணிதம். நான்கும் கிடைத்தன. 16 கிரெடிட். ஆக 34.

பைத்தான் சான்றிதழ் வேறு விதமாகச் சிக்கியது. அங்கே பைத்தான் பாடம் 4 கிரெடிட், இவர் கையில் இருந்தது 3. ஒன்று குறைந்ததற்காக மூன்றும் வேண்டாம் என்றார்கள். பிறகு அவரே பாடப்பட்டியலைத் துழாவி, திறன் மேம்பாட்டுப் பாடம் என்ற வகையில் 3 கிரெடிட் இடம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்கு ஈடாகக் கேட்டார். என்பிடெல் பாடங்கள் இடம்பெறும் ஸ்வயம் தளத்தின் பாடங்களை ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரை ஏற்கலாம் என்று 2021 விதி இருந்ததால் மறுக்கவில்லை. மொத்தம் 37. மீதி 83, நான்கு பருவங்களில்.

சிசிஎன்ஏவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 300 டாலர் சான்றிதழுக்குச் சுழியம், 1,000 ரூபாய்ச் சான்றிதழுக்கு மூன்று. அவருக்கு இது உள்ளூர வலித்தது. “இதை வைத்துத்தானே சார் சோறு சாப்பிடுகிறேன்” என்றார்.

இன்னொரு சிறு தடை: ஆதாரில் தந்தை பெயர் முழுதாக, பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும். கிரெடிட் வங்கிக் கணக்கு ஆதாரை ஒட்டியே திறக்கிறது. பள்ளிச் சான்றிதழுக்கு ஏற்ப ஆதாரைத் திருத்தி வாங்க மூன்று வாரம். தந்தைக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கடற்கரையில் அழைக்கும் பெயர் ஒன்று என்றிருக்கும் குடும்பங்களில் இது சகஜம்.

இரண்டு ஆண்டுகள்

படித்த விதத்தை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதிகாலை நாலரை முதல் ஆறரை, வேலை இல்லாத இரவுகள். 2022 டிசம்பர் இறுதியில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. ஆய்வக நாட்களுக்கு பஸ்ஸைத் தவிர வழியில்லாமல் போயிற்று. சனிக்கிழமை தந்தை கடலுக்குப் போகும் நாள். மகன் பை தூக்கிக்கொண்டு பாலம் தாண்டிப் போகும் நாளும் அதுவே. விடியலுக்கு முன் இருவருக்கும் ஒரே அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தவர் அக்கா.

பணம் கட்டும் தேதிதான் ஒவ்வொரு முறையும் கழுத்தை நெரித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், தந்தைக்குக் கூலி இராது. மறுபதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அந்தக் காலத்தை ஒட்டியே வந்தன. 2023-இல் ஒரு கட்டணத்தைத் தாமதக் கட்டணத்தோடு கட்டினார். 2024-க்கு மாசி மாதமே சீட்டு எடுத்து ஒதுக்கி வைத்தார்.

2024 பிப்ரவரியில் சிசிஎன்ஏ காலாவதியானது. புதுப்பிக்கும் பணமும் நேரமும் பட்டத்துக்குப் போகட்டும் என்று விட்டோம். அப்போது யோசித்துத்தான் எடுத்த முடிவு.

ஜூன் 2024 தேர்வு முடிவில் அந்த 83-இல் 79 கிரெடிட் கைக்கு வந்தது. ஒரு தாள் போயிற்று. எந்தத் தாள் என்று கேட்டபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். கணினி வலையமைப்பு.

விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தேன். தப்பு என்று சொல்லும்படி அதிகம் இல்லை, ஆனால் கேட்டதற்குப் பதில் இல்லை. பிழை கண்டறியும் முறையை விளக்கு என்றால், ரவுட்டரில் எந்தக் கட்டளை போட்டால் பிழை எண்ணிக்கை தெரியும் என்று எழுதியிருக்கிறார். களத்தில் அதுதான் சரியான பதில். தேர்வுத் தாள் கேட்டது, 1101 என்ற இருநிலைத் தரவுக்குப் பின்னால் மூன்று சுழியம் சேர்த்து, கடன் வாங்காத முறையில் 1011 ஆல் வகுத்து மீதி 001 என்று காட்டும் கணக்கு. கம்பியில் தினமும் ஓடுகிற சமாச்சாரம்தான், ஆனால் அதைக் கையால் போட அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தந்திருக்க வேண்டிய நானும், ‘அவருக்கு அந்தப் பாடம் தெரியும்’ என்று திட்டத்தில் எழுதி, படிக்கும் நேரத்தை வேறு தாள்களுக்கு ஒதுக்கிவிட்டேன்.

நவம்பரில் மறுபடி படிக்கத் தொடங்கியபோது மழை வந்தது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எல்லாம் தண்ணீர். ஃபைபர் இணைப்புப் பெட்டிகளுக்குள் நீர் புகுந்து இணைப்புகள் செத்தன. பத்து நாள் அவர் வீட்டில் தூங்கவில்லை. ஒட்டும் கருவி குளிர்வதற்குள் அடுத்த இணைப்பு. அந்த இடைவெளிகளில் நிறுவனத்தின் பழைய பில் தாள்களின் முதுகில் வகுத்தல் கணக்குப் போட்டுப் பழகினார். கற்றையாக என்னிடம் கொடுத்தார். நாற்பதுக்கு மேல் இருந்தன. சிலவற்றில் சேற்றுக் கைரேகை. கடைசிப் பத்தில் பிழையே இல்லை.

டிசம்பரில் எழுதி, 71 மதிப்பெண்ணோடு தேறினார்.

விளைவு

தற்காலிகப் பட்டச் சான்றிதழ் 2025 மார்ச்சில் வந்தது. 2022 ஜனவரியிலிருந்து கணக்கெடுத்தால் மூன்று ஆண்டு இரண்டு மாதம். கட்டணம், பயணம், நகல், தபால், திரும்பி வராத 4,000 எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் செலவு என்று அவர் நோட்டில் இருக்கிறது.

2022-இல் காலியான அந்தப் பொறியாளர் இடம் காத்திருக்கவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, ஒன்றரை ஆண்டில் போய்விட்டார். 2025 ஏப்ரலில் அதே இடம் இவருக்குக் கிடைத்தது. சம்பளம் 27,000. அந்த மாதம்தான் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயிலும் ஓடத் தொடங்கியது. ஆய்வகத்துக்குப் போக வேண்டிய தேவை தீர்ந்த பிறகு.

வளைகுடாவில் மறுபடி வேலைக்குப் போகும் முயற்சி கைகூடவில்லை. பழைய முதலாளி வழியாக ஒரு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பினார். தொலைநிலையில் படித்த பட்டமா, நேரில் படித்ததா என்று பல்கலைக்கழகத்திடமிருந்து தனிக் கடிதம் கேட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலைப் பட்டம் நேர்முறைப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்ததை இணைத்தும் அனுப்பினோம். அது இந்தியாவுக்குள் செல்லும் வாக்கு. அங்குள்ள முதலாளியைக் கட்டுப்படுத்தாது. கூடவே, நடப்பில் உள்ள சிசிஎன்ஏ கேட்டார்கள். அது பிப்ரவரி 2024-இல் இறந்துவிட்டது. பட்டத்துக்காகச் சான்றிதழை விட்ட முடிவு இங்கே வந்து கடித்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மூன்று கேள்விக் கடிதத்தை அனுப்பும் முன்பே முத்திரையிட்ட பாடத்திட்டத்தை வாங்கியிருக்க வேண்டும். முதல் விண்ணப்பமே முழுதாகப் போயிருந்தால் மேல்முறையீட்டுக்கு ஆன நான்கு மாதம் மிச்சம். அந்தச் சுருள் பிரதி கிடைத்தது அதிர்ஷ்டம். அந்தத் துறைத் தலைவர் அடுத்த ஆண்டே ஓய்வுபெற்றார், அலமாரியும் காலியாயிற்று.

சிசிஎன்ஏ புதுப்பிப்பை விட்டது பற்றி நாங்கள் இருவரும் இன்னும் ஒரே கருத்தில் இல்லை. வளைகுடா எண்ணம் அவருக்கு முதலிலிருந்தே இருந்தது. என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டம் எதற்கு என்ற கேள்விக்கு ‘பதவி உயர்வுக்கு’ என்ற முதல் பதிலோடு நிறுத்திக்கொண்டேன். கேட்டிருந்தால், நேரில் படிக்கும் வழியையாவது ஒருமுறை எடைபோட்டிருப்போம். அப்போதும் தொலைநிலையையே தேர்ந்திருப்போம் என்று அவர் சொல்கிறார். எனக்கு அவ்வளவு உறுதியில்லை.

வேலையில் தெரிந்த பாடத்துக்கு இப்போது நான் முதலில் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொல்கிறேன். எழுதிய பிறகே நேர அட்டவணை.

கிரெடிட் நிலவரமும் மாறிவிட்டது. 2023 ஏப்ரலில் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட்டாக எண்ணி, வேலையில் கற்றதையும் மதிப்பிட இடம் வைத்திருக்கிறது. எனவே இதே நிலையில் இன்று ஒருவர் வந்தால் சிசிஎன்ஏவுக்கும் ஏதாவது உண்டா என்று அந்தப் பல்கலைக்கழகத்தை எழுத்தில் கேட்பேன். தொலைநிலையில் சேர இப்போது தொலைநிலைக் கல்விக் குழுமத்தின் தனி அடையாள எண்ணும் வேண்டும், அதற்குக் கிரெடிட் வங்கி எண் வேண்டும், அதற்கு ஆதார்ப் பெயர் சரியாக இருக்க வேண்டும். பெயர்த் திருத்தத்தை முதல் வாரத்திலேயே முடித்துவிடச் சொல்கிறேன்.

லேமினேட் செய்த நான்காம் பருவப் பட்டியலுக்கு இரண்டாம் படி கேட்டு விண்ணப்பித்து வாங்கினோம். மற்றவற்றோடு அதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிலிக்கா பொட்டலங்களோடு, மூடி இறுகும் டப்பா ஒன்றில் அக்கா வைத்திருக்கிறார். இளைஞர் சிசிஎன்ஏவை மறுபடி எழுதப் பதிந்திருக்கிறார்.